நாட்டின் அடுக்களையில் ஐந்து நாள்கள்
(ஒசாகா நகரம் பற்றிய ஓர் ஆய்வுப் பயணம்)

முன்னுரை

ஒரு நகரை அறிந்துகொள்ள இரு வழிகள் உண்டு. அந்நகரைப் பற்றிய நூல்களைப் படிப்பது ஒன்று. அந்நகரின் தெருக்களில் நடப்பது மற்றொன்று. முதல் வழியில் ஆண்டுகளும் பெயர்களும் கிடைக்கும். இரண்டாம் வழியில் பசியும் கால்வலியும் கிடைக்கும். அவற்றோடு, நூலில் படித்த ஆண்டுகளுக்கும் பெயர்களுக்கும் உயிர் கிடைக்கும். வணிகவியல் பயிற்றுவிக்கும் எனக்கு, கருத்தரங்கு ஒன்றின் பொருட்டு ஜப்பான் செல்லும் வாய்ப்பு வந்தது. கருத்தரங்கு முடிந்தபின், நவம்பர்த் திங்களின் பிற்பகுதியில் ஐந்து நாள்களை எனக்கென ஒதுக்கிக்கொண்டு ஒசாகா நகரில் தனியே தங்கினேன். எவரும் வழிகாட்டவில்லை; எந்த அவசரமும் இல்லை. உண்பது, கடை பார்ப்பது, நடப்பது ஆகிய இம்மூன்றே என் வேலைகள்.

ஜப்பான் என்றதும் பலருக்கும் தோக்கியோவின் வானளாவிய கட்டடங்களும், கியோத்தோவின் கோயில்களும் நினைவுக்கு வரும். அரசர் வாழ்ந்த ஊர் கியோத்தோ; படைத்தலைவரான ஷோகன் ஆண்ட ஊர் எடோ, அதாவது இன்றைய தோக்கியோ. ஒசாகாவோ வணிகர் வாழ்ந்த ஊர். எடோ காலச் சமூக அடுக்கில் வீரர், உழவர், கைவினைஞர் ஆகியோருக்குப் பின் கடைசியில் வைக்கப்பட்டவர்கள் வணிகர்கள். அந்தக் கடைசி வகுப்பார் தாங்களே கட்டி, தாங்களே காத்த ஒரு நகரம் எப்படி இருக்கும் என்னும் கேள்வியே என்னை அங்கு நிறுத்தியது. என் கண்ணால் கண்டவற்றையும் கற்றவற்றையும் மாணவ நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரும் பாலமும்

ஒசாகாவின் பழம்பெயர் நானிவா. யோதோ ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த துறைமுகம் அது. சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த தூதர்களும் துறவிகளும் இத்துறையின் வழியே நாட்டுக்குள் சென்றனர். தென்னிந்தியாவிலிருந்து சீனா சென்று, அங்கிருந்து 736ஆம் ஆண்டில் ஜப்பான் வந்த போதிசேனர் என்னும் பௌத்தத் துறவியை நானிவாவில்தான் வரவேற்றார்கள். பின்னர் 752இல் நாரா நகரின் பெரும் புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் அவரே. ஆற்றங்கரையில் நின்றபோது நம் திசையிலிருந்து அத்தனை தொலைவு சென்ற அந்த மனிதரை எண்ணி வியந்தேன்.

ஊரின் குறுக்கும் நெடுக்கும் கால்வாய்கள் ஓடின. அவற்றின் மேல் பாலங்கள் எழுந்தன. 'நானிவாவின் எண்ணூற்றெட்டுப் பாலங்கள்' என்று மக்கள் பெருமையாகச் சொல்வர். உண்மையில் எடோ காலத்தில் இருந்தவை ஏறத்தாழ 200. அவற்றுள் அரசு பொறுப்பேற்றவை 12 மட்டுமே. எஞ்சியவை அனைத்தும் அந்தந்தத் தெருவாரும் வணிகரும் தம் கைப்பொருளால் கட்டியவை. பழுதுபட்டபோது செப்பனிட்டவர்களும் அவர்களே. யோதோயாபாஷி என்னும் பாலத்தின் பெயரே யோதோயா என்னும் வணிகக் குடும்பத்தின் பெயர்தான். ('பாஷி' என்பது பாலம்.) இன்று அப்பெயரில் ஒரு சுரங்க ரயில் நிலையமும் உண்டு. அதன் படிகளில் ஏறி வெளியே வந்தபோது, நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் ஒரு கடைக்காரரின் பெயரை உச்சரித்துப் பயணச்சீட்டு வாங்குகிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி தந்தது.

யோதோயாவின் கதை மகிழ்ச்சியோடு முடியவில்லை. அக்குடும்பத்தின் செல்வம் பெருகிப் பெருநிலக்கிழார்களே அவர்களிடம் கடன்பட்டனர். 1705இல் 'தம் நிலைக்கு மீறி வாழ்ந்தார்' என்னும் குற்றம் சாட்டி ஷோகன் அரசு அவர்களுடைய சொத்து முழுவதையும் பறிமுதல் செய்தது. பணம் சேர்க்கலாம், ஆனால் தலை நிமிரலாகாது என்பது அன்றைய சட்டம். ஒசாகா வணிகரின் வாழ்வைப் புரிந்துகொள்ள இந்நிகழ்ச்சி ஒரு திறவுகோல்.

அரிசியும் அங்காடியும்

எடோ காலத்தில் வரி பெரும்பாலும் அரிசியாகவே வாங்கப்பட்டது. பெருநிலக்கிழார்களுக்கோ செலவுக்குக் காசு வேண்டும். எனவே அரிசியைக் கப்பலேற்றி ஒசாகாவுக்கு அனுப்பினர். ஆற்றின் நடுவே உள்ள நகனோஷிமா என்னும் தீவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அவர்களுடைய கிடங்குகள் வரிசையாக நின்றன. நாட்டின் அரிசியும் மீனும் கடற்பாசியும் இங்கு வந்து குவிந்ததால்தான் ஒசாகாவுக்கு 'நாட்டின் அடுக்களை' என்னும் பெயர் ஏற்பட்டது.

வணிகவியல் மாணவர்கள் இனி வருவதை ஊன்றிப் படித்தல் நலம். கிடங்கில் அரிசியை ஏலம் எடுத்தவருக்கு ஒரு சீட்டுத் தரப்பட்டது. சீட்டைக் காட்டினால் அரிசி கிடைக்கும். நாளடைவில் அரிசியை எடுக்காமலே சீட்டைக் கைமாற்றத் தொடங்கினர். யோதோயாவின் வாயிலில் கூடிய இந்தச் சந்தை 1697இல் தோஜிமாவுக்கு மாறியது. 1730இல் ஷோகன் அரசு அதற்கு முறையான அனுமதி வழங்கியது. பிற்காலத்தில் கொடுக்கப்போகும் அரிசிக்கு இன்றே விலை பேசி, கணக்கேட்டில் மட்டும் வரவு செலவு தீர்க்கும் முறை அங்கே ஒழுங்காக நடந்தது. உலகின் முதல் ஒழுங்கமைந்த முன்பேர வணிகச் சந்தை என அறிஞர் பலர் தோஜிமாவையே குறிப்பிடுகின்றனர். மேலைநாடுகளில்தான் இத்தகைய சந்தைகள் தோன்றின என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

அச்சந்தையை முடித்துவைத்த முறை சுவையானது. ஒரு பெட்டியில் திரிக்கயிறு ஒன்றைக் கொளுத்தித் தொங்கவிடுவார்கள். அது அணைந்தால் வணிகம் முடிந்தது. அதன் பின்னும் கலையாமல் கூச்சலிட்டுக்கொண்டிருப்போர் மீது வாளி வாளியாகத் தண்ணீர் இறைப்பார்கள்! விலைச் செய்தியை மலை உச்சிக்கு மலை உச்சி கொடியசைத்துத் தொலைதூர ஊர்களுக்கு அனுப்பினார்கள். இன்று தோஜிமாவில் சந்தை இல்லை. ஆற்றோரத்தில் அரிசிமணி வடிவில் ஒரு பெரிய கல் நினைவுச்சின்னமாக நிற்கிறது. சாலை வண்டிகளின் இரைச்சலுக்கிடையே அதன் அருகில் சிறிது நேரம் நின்றேன். நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதும் பாடம் பிறந்த இடம் அல்லவா அது!

உணவும் உழைப்பும்

தனியே பயணம் செய்வோர்க்கு அயல்நாட்டில் உள்ள பெரிய தயக்கம், உணவகத்தில் தனியே அமர்வது. ஒசாகாவில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. சமைப்பவருக்கு எதிரே நீண்ட மேடையும் அதன் முன் நாற்காலிகளும் உள்ள சிறு கடைகளே அங்கு மிகுதி. ஒருவர் வந்தால் ஒரு நாற்காலி. பேச்சுத் துணைக்கு எதிரே அடுப்பு.

ஒசாகாவின் சுவைக்கு அடிப்படை கொம்பு என்னும் கடற்பாசி. அது ஒசாகாவில் விளைவதன்று. வடகோடியில் உள்ள ஹொக்காய்தோவில் விளைவது. ஜப்பான் கடல் வழியாகக் கப்பல்கள் அதைச் சுமந்து வந்தன. அந்தக் கொம்பையும் உலர்த்திச் சீவிய மீனையும் வெந்நீரில் இட்டு இறக்கும் சாறே 'தாஷி'. உதோன் என்னும் தடித்த கோதுமை நூலடையை இச்சாற்றில் இட்டு, இனிப்பாக வேகவைத்த சோயாத் துண்டை மேலே வைத்துத் தருகிறார்கள். நம்மவருள் புலால் உண்ணாதோர்க்கு ஓர் எச்சரிக்கை: காய்கறி உணவு போலத் தோன்றுவதிலும் இந்த மீன்சாறு கலந்திருக்கும். கேட்டுத் தெளிந்தபின் உண்பது நன்று. நான் மீன் உண்பவனாதலால் எனக்கு இடர் இல்லை.

தோத்தொன்போரி என்பது 1615இல் வெட்டி முடிக்கப்பட்ட கால்வாய். அதைத் தோண்டத் தொடங்கிய தோத்தொன் என்பவர் பணி முடியுமுன்னே ஒசாகாப் போரில் மாண்டார். உறவினர் முடித்தபின் கால்வாய்க்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இன்று அதன் இரு கரையும் விளக்குகளின் வெள்ளம். பெரிய நண்டுப் பொம்மை ஒன்று கடையின் முகப்பில் கால்களை அசைக்கிறது. அங்கே 'தகோயாக்கி' வாங்கினேன். நம் குழிப்பணியாரச் சட்டி போன்ற இரும்புத் தட்டில் கோதுமை மாவை ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு கணவாய் இனத்து எண்காலியை இட்டு, ஊசியால் சுழற்றிச் சுழற்றிச் சுடுகிறார்கள். 1935இல் ஒசாகாவில் தோன்றிய பண்டம் இது. அந்த ஊசி சுழலும் விரைவைக் கண்டபோது, பணியாரம் திருப்பும் நம் வீட்டுப் பெண்களின் கைகளை நினைத்துக்கொண்டேன்.

சுழலும் மேடையில் தட்டுகள் தாமே நகர்ந்து வரும் சூஷிக் கடை இன்று உலகெங்கும் உள்ளது. அது 1958இல் ஒசாகாவின் கிழக்கே ஒரு சிறு கடையில் தொடங்கியது. ஷிராயிஷி யோஷியாகி என்பவர் பீர் ஆலையில் புட்டிகள் நகரும் பட்டையைக் கண்டு, அதே முறையில் தட்டுகளை நகர்த்தினார். தொழிலாளர்க்குக் குறைந்த விலையில் சூஷி கிடைத்தது. அதே 1958இல் ஒசாகாவை அடுத்த இக்கேதாவில், வீட்டின் பின்புறக் கொட்டகையில் உழைத்து உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்தார் மொமொஃபுகு ஆண்டோ. போருக்குப்பின் ஒரு கிண்ணம் நூலடைக்காகக் குளிரில் நீண்ட வரிசையில் நின்ற மக்களைக் கண்டதே அவரைத் தூண்டியது. இரு கண்டுபிடிப்புகளுக்கும் பின்னே இருப்பது எளியவர் வயிறு பற்றிய கவலை என்பது நோக்கத்தக்கது.

கடைவீதிகள்

தென்ஜின்பாஷி-சுஜி என்னும் கடைவீதி ஏறத்தாழ 2.6 கிலோமீட்டர் நீளமுள்ளது. பெரும்பகுதிக்கு மேற்கூரை உண்டு. கடைகள் சுமார் 600. ஒரு முற்பகல் முழுவதும் அதில் நடந்தேன். தேநீர்க்கடை, பழைய புத்தகக்கடை, செருப்புக்கடை, ஊறுகாய்க்கடை என ஊர் மக்களின் அன்றாடத் தேவைகள் அனைத்தும் அங்கு உண்டு. விலை அட்டையில் எழுதியதே விலை, பேரம் இல்லை. பணத்தைக் கையில் கொடுப்பதில்லை, சிறு தட்டில் வைக்கிறோம்; மீதியை நம் கண்முன் எண்ணித் தருகிறார்கள். அன்பளிப்புக் காசு கொடுக்கும் வழக்கம் இல்லை.

தோகுயாசுஜி என்பது சமையற்கருவிகளுக்கென்றே அமைந்த தெரு. உணவகத்தார் வாங்கும் பெரிய பாத்திரங்களும், காட்சிக்கு வைக்கும் நெகிழி உணவுப் பொம்மைகளும் அங்கே குவிந்துள்ளன. தெற்கே உள்ள சாக்காய் நகரம் கத்திக்குப் பெயர்போனது. அவ்வூர்க் கத்தி ஒன்றை என் அன்னைக்காக வாங்கினேன். கடைக்காரர் முதியவர். எதை வெட்டுவீர்கள் என்று சைகையால் கேட்டார். வெங்காயத்தையும் மீனையும் தாளில் வரைந்து காட்டினேன். சிரித்துவிட்டு, நான் எடுத்திருந்த விலையுயர்ந்த கத்தியைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டு, அதைவிட மலிவான ஒன்றை எடுத்துத் தந்தார். தீட்டுக்கல்லில் எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்தே காட்டினார். வாங்குபவரின் தேவையறிந்து விற்பதே வணிக அறம் என்று நாம் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். அவர் அதைச் செய்து காட்டினார்.

ஷித்தென்னோஜி கோயில் 593இல் தொடங்கப்பட்டது. மாதந்தோறும் 21, 22 ஆகிய நாள்களில் அதன் வளாகத்தில் பழம்பொருட் சந்தை கூடுகிறது. பழைய பட்டாடைகளும் பீங்கான் கிண்ணங்களும் விரித்துவைத்த பாய்களுக்கிடையே, வழிபட வந்தோரும் பொருள் வாங்க வந்தோரும் ஒன்றாகவே நடந்தனர்.

உமேதா ரயில் நிலையத்தோடு இணைந்த ஹான்கியூப் பேரங்காடி 1929இல் திறக்கப்பட்டது. அதை நிறுவியவர் கோபாயாஷி இச்சிசோ. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில், அதன் உணவகத்துக்கு வந்த ஏழைகள் வெறுஞ்சோறு மட்டும் வாங்கி, மேசையில் இலவசமாக இருந்த குழம்பை ஊற்றி உண்டனர். ஊழியர் முகம் சுளித்தனர். கோபாயாஷியோ, சோறு மட்டும் உண்போரும் வரவேற்கப்படுவர் என்று அறிவிப்பு எழுதி ஒட்டச் செய்தார். ஊறுகாயும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். இன்று ஏழையாக இருப்பவர் நாளை குடும்பத்தோடு வருவார் என்பது அவர் கருத்து. இதனை அருள் என்பதா, வணிக நுட்பம் என்பதா? இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கல்விக்குக் கொடுத்தவர்கள்

1724இல் ஒசாகா வணிகர் ஐவர் பொருள் தந்து கைத்தொகுதோ என்னும் கல்விக்கூடத்தைத் தொடங்கினர். அங்கு மாணவரிடையே உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்பது விதி. கடையில் வேலை வந்துவிட்டால் பாடத்தின் நடுவே எழுந்து செல்லலாம் என்பதும் விதி! அங்குப் பயின்ற யாமகாத்தா பான்தோ ஒரு வணிக நிலையத்தின் கணக்கர். ஞாயிற்றை உலகம் சுற்றும் கொள்கையைத் தம் நூலில் விளக்கியவர்.

ஒகாதா கோஆன் என்னும் மருத்துவர் 1838இல் தொடங்கிய தெக்கிஜுக்கு பள்ளியின் பழைய மரக்கட்டடம் இன்றும் உயர்ந்த அலுவலகங்களுக்கிடையே நிற்கிறது. 1984 முதல் 2024 வரை வெளியான 10,000 யென் தாளில் உருவம் இடம்பெற்ற ஃபுகுசாவா யுகிச்சி இங்கு படித்தவர். மாடியில் ஒரு சிறிய அறை. அங்கேதான் டச்சு மொழி அகராதி இருந்தது. பள்ளி முழுவதற்கும் அது ஒன்றே. தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் இரவு முழுவதும் முறை வைத்துக் காத்திருந்து அதைப் புரட்டினர். அந்த அறையின் விளக்கு விடியும்வரை அணைந்ததில்லையாம். நம் நூலகத்தில் தூசி படிந்துகிடக்கும் அகராதிகளை நினைத்துக்கொண்டு அந்த வாசலில் நின்றேன்.

நகனோஷிமாவில் செங்கல்லால் ஆன பொது மண்டபம் ஒன்றுண்டு. இவாமோதோ எய்னோசுகே என்னும் பங்குத் தரகர் 1911இல் பத்து லட்சம் யென் கொடுத்துக் கட்டச் செய்தது. கட்டடம் எழுந்துகொண்டிருக்கும்போதே அவர் பங்குச் சந்தையில் பெருநட்டம் அடைந்தார். கொடுத்ததில் ஒரு பகுதியையாவது திரும்பக் கேளுங்கள் என்று நண்பர்கள் கூறினர். கொடுத்ததைக் கேட்பது ஒசாகா வணிகனுக்கு இழுக்கு என்று மறுத்தார். 1916இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மண்டபம் 1918இல் முடிந்தது. அவர் அதைக் காணவில்லை. அந்த முடிவை நான் போற்றவில்லை. மானத்தினும் உயிர் பெரிது என்பதே மாணவர்க்கு நான் சொல்வது. ஆயினும் அந்தச் செங்கற்சுவரை வெறும் கட்டடமாகப் பார்க்க என்னால் இயலவில்லை.

அடுக்களையில் பசி

இவ்வளவும் சொன்னபின் மற்றொன்றையும் சொல்லாவிட்டால் கட்டுரை முழுமையாகாது. 1830களில் ஜப்பானைப் பெரும்பஞ்சம் வாட்டியது. நாட்டின் அரிசியெல்லாம் குவிந்த ஒசாகாவிலேயே மக்கள் பட்டினியால் மடிந்தனர். கிடங்கில் அரிசி இருந்தது. வாங்கக் காசு இல்லை. நகர அதிகாரியோ அரிசியை எடோவுக்கு அனுப்பினார். ஓஷியோ ஹெய்ஹாச்சிரோ என்னும் அறிஞர், முன்பு காவல் அலுவலராய் இருந்தவர், அரசிடமும் செல்வரிடமும் முறையிட்டுத் தோற்றார். தம் நூல்களையெல்லாம் விற்று ஏழைகளுக்குப் பொருள் வழங்கினார். 1837இல் மாணவரையும் உழவரையும் திரட்டிக் கிளர்ந்தெழுந்தார். கிளர்ச்சி ஒரே நாளில் அடக்கப்பட்டது; எழுந்த தீயில் நகரின் ஐந்தில் ஒரு பங்கு எரிந்தது; ஓஷியோவும் பின்னர் மாண்டார்.

பாலம் கட்டிய நகரமும் இதுதான். பட்டினிக்குக் கதவடைத்த நகரமும் இதுதான். விலை சொல்லத் தெரிந்த சந்தைக்குப் பசியைக் கேட்கத் தெரியவில்லை. முன்பேர வணிகத்தைப் பற்றி இனி வகுப்பில் பேசும்போது, தோஜிமாவின் பெருமையோடு ஓஷியோவின் பெயரையும் சேர்த்தே சொல்வது என்று முடிவு செய்துள்ளேன்.

முடிவுரை

இறுதி நாளில் ஒசாகாக் கோட்டைக்குச் சென்றேன். ஹிதேயோஷி 1583இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. போரிலும் மின்னலிலும் அழிந்த தலைமைக் கோபுரத்தை 1931இல் நகர மக்களே நன்கொடை தந்து சிமெண்டுக் கட்டடமாக எழுப்பினர். பாலங்களைப் போலவே கோட்டையும் மக்கள் காசில் நிமிர்ந்தது. மாலையில் மிதோசுஜிப் பெருஞ்சாலையில் மஞ்சள் உதிர்த்த கிங்கோ மரங்களுக்கடியில் நடந்தேன். அச்சாலைக்கு அடியில் 1933இல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியபோது ஒரே ஒரு பெட்டிதான். ஆனால் பத்துப் பெட்டிக்கு மேல் நிற்கும் அளவுக்கு மேடைகளை நீளமாகக் கட்டினார்கள். வீண் செலவு என்று அன்று சிலர் நகைத்தனர். இன்று பத்துப் பெட்டிகளும் நிரம்பி வழிகின்றன.

மாணவ நண்பர்களே! எந்த ஊருக்குச் சென்றாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஊர் என்ன உண்கிறது, அது எங்கிருந்து வருகிறது? இங்கே விலையை யார் சொல்கிறார்கள்? இந்தப் பாலத்துக்கும் பள்ளிக்கும் காசு கொடுத்தவர் யார்? விளைந்து குவிந்த காலத்திலும் பட்டினி கிடந்தவர் யார்? முதல் மூன்றுக்கும் விடையைக் கடைவீதியிலும் கல்வெட்டிலும் காணலாம். நான்காவதற்கு விடை பெரும்பாலும் எங்கும் எழுதப்பட்டிராது; அதைத் தேடிச் சென்று கேட்பதே கற்றவர் கடன்.